பதநீர் யாத்திரை

குற்றாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தண்ணீர் தலையில் விழுந்த கதையைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். தலையில் விழுந்த தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று யோசிப்பவர்கள் மிகக் குறைவு. சாரல் காலத்தில் பேரருவியின் கீழ் நின்று ஆனந்தக் கூச்சலிடுவது, ஐந்தருவிக்கு ஒரு நடை, பழைய குற்றாலத்துக்கு ஒரு நடை, கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும், பிறகு வீடு திரும்பி ஒரு தூக்கம். இவ்வளவோடு யாத்திரை பூர்த்தியாகிவிடும். தென்காசியிலேயே குடியிருக்கும் எங்களுக்கோ குற்றாலம் மூன்று மைல். ஆகையால் அந்த யாத்திரைகூட எங்களுக்கு யாத்திரையாகத் தோன்றுவதில்லை.

சென்ற ஆனி மாதத்தில் எங்கள் தெருவில் மூன்று குடும்பத்தார் சேர்ந்து, பெரியவர் குழந்தைகள் எல்லாருமாகப் பன்னிரண்டு பேர், குற்றாலத்துத் தண்ணீரின் வழியே கடல் வரையில் போய் வந்தோம். அதற்குக் காரணமாயிருந்தது, ஆச்சரியப்படாதீர்கள், இத்தாலி தேசத்துத் திராட்சை மது!

ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கும் மருமகப் பிள்ளை ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் இத்தாலியின் மேற்குக் கடற்கரையில் சிங்குவே தெர்ரே என்ற ஐந்து ஊர்களுக்கு ஒரு கூட்டத்தோடு சுற்றுலாப் போனவர். கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலைச் சரிவுகளில் சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாக நிலம் திருத்தி, அதில் திராட்சை பயிரிடுகிறார்கள். 1997-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை அந்தக் கரையை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. அங்கே போகிறவர்கள் கொடி படர்ந்த சரிவுகளில் நடந்து, அந்தச் சரிவில் விளைந்த மதுவை அங்கேயே சுவைத்துப் பார்க்கிறார்களாம். படங்களைக் காட்டிக்கொண்டே மருமகப் பிள்ளை பரவசமாக வர்ணித்தார்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவருடைய தகப்பனார் கள்ளுக்கடை மறியலில் அடிபட்டவர். 'மது' என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவரின் முகம் சுருங்கிற்று.

"மாமா, அங்கே யாரும் வெறிக்க வெறிக்கக் குடிப்பதில்லை. ஒரு வாய் சுவைத்துவிட்டு, இது எந்தச் சரிவு, எந்த வருஷம், யார் கையால் செய்தது என்று விசாரிக்கிறார்கள்" என்றார் மருமகப் பிள்ளை.

"விசாரிப்பது நல்ல பழக்கம்தான். அதற்குப் புளித்த சரக்கு எதற்கு? உடன்குடிப் பக்கம் போய்ப் பதநீரை விசாரித்தால் ஆகாதோ?" என்றார் பெரியவர்.

குழந்தைகள் கைகொட்டினார்கள். பிரயாணம் நிச்சயமாகிவிட்டது.

முதல் நாள் விடியற்காலையில் பேரருவியில் ஸ்நானம். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்த நாளில் ராஜாஜியும் கல்கியும் அவருடைய விருந்தாளிகளாக வந்து தங்கிய ஊர் அல்லவா? விருந்து என்றால் இலையில் விழும் பண்டம் மட்டுமல்ல, அதைப் பற்றிய பேச்சும் விருந்தில் பாதி என்று அறிந்தவர் ரசிகமணி. அவரை நினைத்துக்கொண்டு வண்டி ஏறினோம்.

அருவியிலிருந்து இறங்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. முக்கூடற் பள்ளு பாடப்பெற்ற இடம் அதுதான். கலந்த நதி ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போய்ப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. நாங்களும் ஆலங்குளம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று நதிக்கு இணையாகப் போய், மாலையில் திருச்செந்தூரில் முருகனைத் தரிசித்துவிட்டு அங்கேயே தங்கினோம். நெல்வயலும் வாழைத் தோட்டமும் அந்த வழியில் உண்டு. திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே போனாலோ காட்சி அடியோடு மாறுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச் செவேலென்று மணல். இதைத் 'தேரி' என்று சொல்கிறார்கள். நெல்லும் வாழையும் நினைத்துப் பார்க்க முடியாத அந்த மண்ணில் பனை நிற்கிறது. இந்தியாவிலுள்ள பனைகளில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுவே.

மறுநாள் சூரியன் உதிக்கும் வேளையில் உடன்குடிக்கு அப்பால் ஒரு பனந்தோப்பில் இறங்கினோம். முன்பே சொல்லி வைத்திருந்ததால் பனையேறி அண்ணாச்சி எங்களை எதிர்பார்த்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயசு. மார்பில் பனை உரசிய தழும்பு. காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் அருவாப்பெட்டியைக் கட்டி, முருக்குத்தடியை மரத்தில் சாத்தி, நாங்கள் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் உச்சிக்குப் போய்விட்டார். பாளையின் நுனியை அரிவாளால் மெல்லியதாய்ச் சீவிக் கலயத்தை மாற்றிவிட்டு இறங்கினார்.

கலயத்தின் உட்புறம் வெள்ளையாயிருந்தது. "அது என்ன?" என்று ஒரு குழந்தை கேட்டது.

"சுண்ணாம்பு தாயி. இது இருந்தாப் பதநீர், இல்லாட்டிக் கள்ளு" என்றார் அண்ணாச்சி.

கள் வேறு, பதநீர் வேறு என்று அறிவோமே ஒழிய, இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பாளையிலிருந்து சொட்டும் சாறு தித்திப்பானது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் அவை வேலை செய்ய முடியாது. இத்தாலிக்காரன் திராட்சைச் சாற்றைப் பக்குவமாகப் புளிக்க விடுகிறான். அது அவனுடைய கலை. தித்திப்பு மாறாமல் புளிப்பைத் தடுத்து நிறுத்துவது நம் பனையேறியின் கலை. முன்னதைப் பற்றிப் புத்தகங்கள் அடுக்கடுக்காக வந்திருக்கின்றன. பின்னது ஒரு மனிதரின் விரல் நுனியில் இருக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும். கூடினால் வாய் வெந்துவிடும்.

பனையோலையை மடக்கிப் பட்டை பிடித்து, நுங்கைச் சீவிப் போட்டுப் பதநீரை வார்த்துக் கொடுத்தார். மருமகப் பிள்ளை சாஸ்திரோக்தமாக முகர்ந்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தம் இத்தாலியப் பழக்கப்படி விசாரணையை ஆரம்பித்தார். மரத்துக்கு மரம் ருசி மாறுமா? மாறுமாம். ஆண்பனையாகிய அலகுப்பனைக்கும் பெண்பனையாகிய பருவப்பனைக்கும் பாளை இடுக்கும் முறையே வேறாம். கரிசல் மண் பனையைவிடத் தேரிப் பனைக்குத் தித்திப்பு அதிகம் என்பது அண்ணாச்சியின் திடமான அபிப்பிராயம். இந்த மாதிரிக் கேள்விகளை இதற்கு முன் யாரும் அவரிடம் கேட்டதில்லையாம். ஒவ்வொரு பதிலுக்கும் அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

தினம் முப்பது பனை, காலையிலும் மாலையிலும் ஏறுகிறார். பனைக்கு நாற்பது அடி வைத்தாலும் ஒரு நாளைக்கு 2,400 அடி ஏற்றம். குற்றாலப் பேரருவியின் உயரம் சுமார் 200 அடி என்பார்கள். அந்த அருவியைப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்குகிறார் என்று கணக்கிட்டுச் சொன்னபோது குழந்தைகள் வாயடைத்துப் போனார்கள்.

பக்கத்தில் ஓலை வேய்ந்த விடிலியில் அவருடைய மனைவி பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஏழெட்டு லிட்டர் காய்ந்தால் ஒரு கிலோ கருப்பட்டி. பாகு பதமானதும் சிரட்டையில் வார்க்கிறார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புகழ் பத்திரத்தில் ஏறிவிட்டது. ஆனால் விடிலியின் புகையும் வெக்கையும் குறைந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கூட்டத்து அம்மாள் ஒருவர் விலை கேட்டுவிட்டு, "கடைத்தெருவிலே இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே?" என்றார்.

"கிடைக்கும் தாயி. அதிலே பாதி சீனி இருக்கும். இதிலே பாதி எங்க வீட்டு ஆளு இருக்காரு" என்றார் அண்ணாச்சியின் மனைவி, அடுப்பைத் தள்ளிவிட்டபடியே.

அதன்பின் யாரும் பேரம் பேசவில்லை.

திரும்பும் வழியில் வண்டிக்குள் பெரிய வாதப் பிரதிவாதம் நடந்தது. "கள்ளையும் அனுமதித்தால் இந்த மனிதர் பிழைத்துப் போகமாட்டாரா? நம் செங்கோட்டைக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளத்தில் சட்டப்படி கள்ளுக்கடை நடக்கிறதே!" என்றார் மருமகப் பிள்ளை. பெரியவர் விடவில்லை. கள்ளுக்கடை வாசலில் பெண்கள் காத்து நின்ற நாட்களைத் தகப்பனார் வாய்மொழியாகக் கேட்டவர் அவர். சரித்திரத்தையே விரித்து வைத்தார். ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தார். 1948 அக்டோபர் 2-ஆம் தேதி சென்னை மாகாணம் முழுவதிலும் அது வந்தது. கள் இறக்கியவர்களின் பிழைப்புக்கு என்ன வழி என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பனைவெல்லம்தான் வழி என்றார் காந்தியடிகள். கரும்புக்கு நல்ல நிலம் வேண்டும், பனைக்குத் தரிசு போதும் என்று எடுத்துக்காட்டினார் நம் ஜே. சி. குமரப்பா.

பிறகு நடந்ததையும் நேயர்கள் அறிவார்கள். 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. 1987 முதல் கள்ளுக்குத் தடை நிலைத்துவிட்டது. 2003 முதல் சீமைச் சாராய வகைகளைச் சர்க்காரே கடை வைத்து விற்கிறது.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று எங்கள் வண்டியில் முடிவாகவில்லை. ஆனால் ஒன்று எங்கள் எல்லாருக்கும் தெளிவாயிற்று. கள்ளைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. பதநீரைப் பற்றி ஒரே கட்சிதான். மதுவிலக்குக்காரரும் குடிக்கலாம், மற்றவரும் குடிக்கலாம், குழந்தையும் குடிக்கலாம். அப்படி யாரும் ஆட்சேபிக்காத பானத்தைத் தேடிப் போய்க் குடிக்கத்தான் ஆளைக் காணோம்!

பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. மிகவும் நல்லது. மரம் நிற்கும். ஏறுகிறவர்? அண்ணாச்சியின் கூட்டாளி ஒருவர் மழையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறாராம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். "பனையேறினாப் பொண்ணு கொடுக்க மாட்டேங்காக ஐயா" என்று அண்ணாச்சி சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. அது எங்களை அதிகமாய் உறுத்திற்று. அதே கரையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 1942-ஆம் வருஷப் போராட்டத்தில் பெயர் பெற்ற ஊர் வானத்துக்கு வழிகாட்டப் போவது பெருமைப்பட வேண்டிய விஷயமே. ராக்கெட் ஏற்றுகிறவரை மதிக்கத் தெரிந்த தேசம், பனை ஏறுகிறவரையும் மதிக்கக் கற்றுக்கொண்டால் பெருமை பூரணமாகும்.

சிங்குவே தெர்ரேயின் கற்சுவர்களைக் காப்பதில், அவற்றைத் தேடி வந்து விசாரிக்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. நாமும் விசாரிக்கப் போகலாமே? மாசி பங்குனியில் பதநீர்க் காலம் ஆரம்பமாகி ஆடி வரையில் இருக்கிறது. குற்றாலத்துச் சாரலுக்கு வருகிறவர்கள் ஆனியில் வந்தால் அருவியையும் பனையையும் ஒரே பிரயாணத்தில் பார்த்துவிடலாம். கேட்கிற விலையைக் கொடுங்கள். ஏறியவரின் பெயரைக் கேளுங்கள். எந்த மரம் என்று கேளுங்கள். எங்கள் மூன்று குடும்பத்துக்கும் இப்போது மாதாமாதம் அந்த விடிலியிலிருந்தே கருப்பட்டி வருகிறது. காப்பிக்குச் சீனி வாங்குவது நின்றுவிட்டது.

ஒரே ஓர் எச்சரிக்கை. திராட்சை மதுவைப் பத்து வருஷம் நிலவறையில் வைத்திருந்து சாவகாசமாகத் திறக்கலாம். பதநீர் அப்படிக் காத்திராது. காலையில் இறக்கியதை அன்று பகலுக்குள் குடித்தாக வேண்டும். அண்ணாச்சிக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.