அப்பாவின் துப்பாக்கிக்கு ஒரு பேழை

அடுகோடி மைக்கோ ஆலையில் உழைத்த எங்கள் அப்பா விட்டுச்சென்ற அருஞ்செல்வம், ஜெர்மானிய வால்தர் எல்.பி.53 காற்றுக் கைத்துப்பாக்கி. 1963இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு படத்தின் விளம்பரங்களில் ஷான் கானரி ஏந்தி நின்றது இவ்வகையே. அதை ரப்பர் பஞ்சில் பொதிந்து வைத்தோம். அறியாமைதான்! மழைக்காலம் கழிந்து திறந்தபோது குழலில் துரு. ஈரத்தைப் பஞ்சு பற்றி வைத்திருந்தது. அப்பாவின் கைபட்ட மெருகல்லவா அது!

பழைய சரக்குப்பெட்டிப் பலகையை இழைத்துப் பேழை செய்தோம். உள்விரிப்புக்கு அம்மா தம் நூற்சேலையையே கிழித்துத் தந்தார்; கஞ்சி பூச்சியை அழைக்கும் என்று அலசியும் கொடுத்தார். தையல்பொறி எண்ணெய் பூசி, சுருள்வில்லைத் தளர்த்தி, சிலிக்கா மணிப் பொட்டலத்துடன் கிடத்தினோம். மாதந்தோறும் திறக்கிறோம். பழைய வடு மட்டும் மாறவில்லை. அம்மா அதைத் தடவிவிட்டே மூடுகிறார்.