பூட்டிய அறையில் ஒரு விண்கலம்

 

உங்கள் கணக்கு வாத்தியார் கம்ப்யூட்டர் கேம் ஆடுபவர் என்பது வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டூம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்று ஏறக்குறைய 40 வருடப் பழக்கம். தொடங்கியது நம் பள்ளி மாடியில், அந்தப் பூட்டிய அறையில்.

1986-ல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் நமக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. இங்கிலாந்தில் பள்ளிகளிலும் வீடுகளிலும் இருந்த அதே இயந்திரம். நினைவகம் 32 கேபி. இன்று நீங்கள் எனக்கு அனுப்பும் ‘குட் மார்னிங்’ படம் ஒன்றுகூட அதில் அடங்காது. செருப்பை வெளியே விட்டு, வாரத்துக்கு ஒருமுறை, மூன்று பேருக்கு ஒரு விசைப்பலகை என்று உட்காருவீர்கள். சாவி என் சட்டைப்பையில்.

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் ஒரு ஃபிளாப்பி தந்தார். ‘எலீட்’ என்ற விளையாட்டு. டேவிட் பிராபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதி 1984-ல் வெளிவந்தது. 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். 32 கேபிக்குள் இத்தனையும் எப்படி? எதையும் பட்டியலாகச் சேமிக்கவில்லை. ஃபிபொனாச்சி தொடர் மாதிரி, முந்தைய எண்களைக் கூட்டி அடுத்த எண்ணை வரவழைத்து, அதிலிருந்தே கோளின் பெயரையும் இடத்தையும் எடுத்தார்கள். கணக்கு வாத்தியார் விழாமல் இருப்பாரா?

எல்லாமே வெறும் கோட்டோவியம். சரக்கு விற்க விண்வெளி நிலையத்துக்குள் நுழைய வேண்டும். நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும், வாசலோ ஒடுங்கிய ஒரு பிளவு. நம் கப்பலையும் அதே வேகத்தில் சுழற்றி நேராக நுழைக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு ஒரு மாதம் முயன்றேன். மோதிச் சாவேன், மறுபடி 100 கிரெடிட்டோடு தொடங்குவேன்.

ஒரு நாள் டீ குடிக்கப் போய்த் திரும்பினால், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என் நாற்காலியில். பல நாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். என்னைக் கண்டதும் பயப்படக்கூட இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக, “உள்ள போயிடுச்சு சார்!” என்றான்.

அறைந்தேன். “படிக்கிற இடத்துல விளையாட்டா?” என்று கேட்டேன். விளையாடிக்கொண்டிருந்தவனே நான்தான். அந்த வருடம் முழுக்க அவனை அந்த அறைக்குள் விடவில்லை. ஒழுங்குக்காக அடித்தேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்கு வராதது அவனுக்கு வந்துவிட்டது, அதுதான் காரணம்.

போன மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் பேரன் என் தலையில் விஆர் ஹெட்செட்டை மாட்டினான். 2014-ல் வந்த ‘எலீட் டேஞ்சரஸ்’, அதே விளையாட்டின் வாரிசு. மகனின் கம்ப்யூட்டரில் 32 ஜிபி. 2-இன் அடுக்கு 20 மடங்கு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. விமானி இருக்கையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் அந்த நிலையம், மலை மாதிரி சுழல்கிறது. நகர்கிறோம் என்கிறது கண், இல்லையே என்கிறது உள்காது, வயிற்றைப் புரட்டியது. இரண்டு முறை கழற்றிவிட்டு எலுமிச்சைச் சாறு குடித்தேன். மூன்றாவது முறை கப்பல் உள்ளே போனது. என்னையறியாமல் கத்திவிட்டேன். பேரன் கை தட்டினான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் அவனுக்குத் தெரியும். தம்பி, அன்றைக்கு நான் செய்தது தப்பு. பொங்கலுக்கு மகன் வரும்போது எல்லாவற்றையும் காரில் எடுத்து வருகிறான், நான்கு நாள் இங்கே இருக்கும். வீடு அதே தெருவில்தான். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாலும் பரவாயில்லை, ஹெட்செட்டுக்குள் இடமிருக்கிறது.