ஒன்பதாம் வகுப்பில் ஓராண்டு

பள்ளிப் பிள்ளைகளின் ஓராண்டை நாம் பெரும்பாலும் மதிப்பெண் தாளைக் கொண்டே அளந்து விடுகின்றோம். ஆண்டு முடிவில் நாம் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும் அந்தத் தாளில், பிள்ளை எந்த நூலைப் படித்தது, எந்த இடத்தைக் கண்டது, எதைக் கண்டு வியந்தது என்பவற்றுக்கு இடமில்லை. ஆயினும் வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில் வாழும் நம்போன்ற குடும்பங்களுக்கு மதிப்பெண்ணைவிட அந்தக் கணக்கே முதன்மையானது என்பது என் எண்ணம். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற 2018-19ஆம் கல்வியாண்டின் படிப்பையும் பயணத்தையும் அதன் பொருட்டே இங்கு எழுதுகிறேன். அன்பர்கள் தங்கள் இல்லத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

நாங்கள் ஒக்கலிபுரத்தில் வாழ்கிறோம். என் தந்தையார் சோளிங்கரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து பின்னி ஆலைக்கு வேலைக்கு வந்தவர். அந்த ஆலை இன்று இல்லை, தந்தையாரும் இல்லை. தாயார் எங்களோடு இருக்கிறார். அவருக்கு எந்த மொழியிலும் எழுத்தறிவு கிடையாது. நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். என் மகளுக்கோ பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும். வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைப் படிக்க அவளால் இயலாது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவும், மூன்று மொழி எழுதத் தெரிந்த பேத்தியும், தமிழ் எழுத்தைப் பொறுத்தவரையில் ஒரே நிலையில் இருந்தனர்.

2018 சூன் மாதம் பள்ளி திறந்தபோது நாங்கள் மூன்று ஏற்பாடுகள் செய்துகொண்டோம். ஒவ்வோர் இரவும் அரைமணி நேரம் தமிழ். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேனும் ஓரிடம் சென்று காண்பது. வாரம் ஒரு பக்கம் குறிப்பேட்டில் எழுதுவது. குறிப்பேட்டை எம்மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். முதல் மூன்று மாதமும் அது கன்னடத்திலும் ஆங்கிலத்திலுமே நிறைந்தது.

எழுத்தைக் கற்பதில் அவள் பெரிதாக இடர்ப்படவில்லை. கன்னட நெடுங்கணக்கும் நம் நெடுங்கணக்கும் ஏறக்குறைய ஒரே முறையில் அமைந்தவை. அவளுக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. கன்னடத்தில் 'ப' வரிசையில் நான்கு எழுத்துகள் இருக்க, தமிழில் ஒன்றே இருக்கிறது. "எங்கே எப்படி ஒலிப்பது என்று யார் சொல்வார்கள்?" என்று கேட்டாள். 'பம்பரம்' என்னும் சொல்லை எழுதிக் காட்டினேன். சொல்லின் முதலில் நிற்கும் பகரம் வன்மையாகவும், மகரத்தை அடுத்து நிற்கும் பகரம் மென்மையாகவும் ஒலிப்பதை அவளே கண்டுகொண்டாள். எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லும் என்பதை ஒருமுறை அறிந்தபின் அவள் மறக்கவில்லை.

முதலில் அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்கள். "இது சிறு பிள்ளைகளுக்கு" என்று சற்றே நாணினாள். எனினும் இரண்டு வாரத்தில் முடித்தாள். அடுத்து மு. வரதராசனாரின் 'தங்கைக்கு'. ஆகத்து மாதத்தில் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கினோம். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அந்த நெடுங்கதை, உரக்கப் படிப்பதற்கென்றே எழுதப்பட்டதோ என்று எண்ணும்படி அமைந்திருக்கிறது. இரவு உணவுக்குப் பின் அவள் படிப்பாள், ஆயா கேட்பார்.

அரைமணிப் படிப்பு நிலைத்ததற்கு என் கண்டிப்பு காரணமன்று; ஆயாவே காரணம். கதை ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. மதகு என்பது என்ன, கலங்கல் என்பது என்ன, ஆடி பதினெட்டில் பெண்கள் நீர்க்கரையில் என்ன செய்வார்கள் என்பவை ஒக்கலிபுரத்தில் பிறந்த பெண்ணுக்குத் தெரியா. ஆயாவுக்கு அவை தம் ஊர் ஏரியில் கண்டவை. படிக்கத் தெரிந்தவளுக்குப் பொருள் தெரியவில்லை. பொருள் தெரிந்தவருக்குப் படிக்கத் தெரியவில்லை. இருவரும் சேர்ந்தே அந்த நூலைப் படித்தனர் என்றுதான் சொல்ல வேண்டும். ஓரிரவு அவள் தேர்வுக்குப் படிக்க வேண்டுமென்று எழுந்தபோது, "விட்ட இடம் நினைவிருக்கட்டும்" என்று ஆயா சொல்லி அனுப்பினார்.

அந்த ஏரியை வெட்டுவித்தவன் முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன். அவன் தக்கோலப் போரில் மாண்டான் என்று படித்தவுடன் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தக்கோலமா? நம் ஊர்ப்பக்கம்தானே!" என்றார். வரலாறு என்பது எங்கோ நடந்தது என்றிருந்த என் மகளுக்கு, அது ஆயாவின் ஊருக்குப் பேருந்தில் போகும் வழியில் நடந்தது என்பது பெரும் செய்தியாயிற்று.

செப்டம்பர் மாத ஞாயிறு அதனாலேயே அரசு அருங்காட்சியகத்துக்கு என்று முடிவாயிற்று. கத்தூர்பா சாலையில் உள்ள அந்தச் செந்நிறக் கட்டடத்தில், மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொணர்ந்த ஒரு கல் இருக்கிறது. தக்கோலப் போரைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணையாகச் சென்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் 949இல் இராசாதித்தனைக் கொன்றதை அது சொல்கிறது. ஆனால் அந்தக் கல் நடப்பட்டது அரசனுக்காக அன்று. போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனை நோக்கி, வேண்டுவதைக் கேள் என்றான் பூதுகன். அவன் பொன்னும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை, 'காளி' என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்த நாய் ஒரு காட்டுப் பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. நாயின் நினைவுக்கே கல் எழுந்தது. அக்கல்லுக்கு வழிபாடு நடக்க நிலமும் விடப்பட்டது. நாயும் பன்றியும் பொரும் காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது.

என் மகள் நெடுநேரம் அதன்முன் நின்றாள். பிறகு, "அப்பா, இதில் நாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. இரவில் சோழ இளவரசனுக்காக வருந்தியவள். பகலில் கங்கர் வரலாற்றைத் தன் மாநிலத்து வரலாறாகப் பள்ளியில் எழுதுகிறவள். இந்த நகரில் வளரும் தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றும் ஏதேனும் ஒருநாள் இந்த வினாவைச் சந்திக்கிறது. நான் விடை கூறவில்லை. விடையை நான் கொடுத்தால் அது என்னுடையதாகவே இருக்கும். "குறிப்பேட்டில் வினாவை எழுதி வை, ஆண்டு முடிவில் பார்ப்போம்" என்றேன்.

தசரா விடுமுறையில் ஆயாவையும் அழைத்துக்கொண்டு தக்கோலம் சென்றோம். அரக்கோணம் வரையில் தொடர்வண்டி, அங்கிருந்து பேருந்து. இப்போது இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள அவ்வூர், திருஞானசம்பந்தர் பாடிய திருவூறல் என்னும் தலமாகும். சலநாதீசுவரர் கோயிலை வணங்கினோம். ஆயா தம் பெண் பருவத்தில் அங்கு வந்ததைப் பேத்திக்குச் சொன்னார். வெளியே வயல்கள் அமைதியாக இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நிலத்தில் யானைப் படை நின்றது என்பதை நம்பவே கடினமாக இருந்தது. "அந்தக் கல் நம் வீட்டருகே இருக்கிறது, களம் ஆயா வீட்டருகே இருக்கிறது" என்று என் மகள் எழுதினாள். குறிப்பேட்டில் அவள் தமிழில் எழுதிய முதற் பக்கம் அதுவே.

அதன்பின் இந்நகரின் கல்வெட்டுகளில் அவளுக்கு ஆர்வம் பிறந்தது. நவம்பரில் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்குச் சென்றோம். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் அவளால் வரியைப் படிக்க முடியவில்லை. ஆயினும் ககரத்தையும் மகரத்தையும் தேடித் தேடி விரல் வைத்தாள். அடுத்து பேகூர். அங்கே சுமார் 890ஐச் சேர்ந்த கன்னடக் கல்லொன்று பெங்களூர்ப் போரில் வீழ்ந்த வீரனைக் குறிப்பிடுகிறது. நம் நகரின் பெயர் அதில் காணப்படுகிறது. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலிலோ, 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று 'வெங்களூர்' ஏரியின் கீழ் உள்ள நிலத்தைத் தானமாகக் குறிக்கிறது. ஒரே ஊரின் பெயர் ஒரு கல்லில் கன்னடமாகவும் ஒரு கல்லில் தமிழாகவும் நிற்கிறது. இவ்விரண்டையும் காண நமக்குத் தேவைப்பட்டது இரண்டு ஞாயிறும் பேருந்துக் கட்டணமுமே.

சனவரியில் அல்சூர் ஏரிக்கரைக்குச் சென்று வள்ளுவர் சிலையைக் கண்டோம். அங்கே ஆயா பேசியதை நான் இங்கு எழுதத்தான் வேண்டும். அச்சிலை 1991லேயே ஆயத்தமாகி, பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. அதே ஆண்டு திசம்பரில் காவிரியை முன்னிட்டு இந்நகரில் கலவரம் நிகழ்ந்தது. உயிரிழந்தோரும் உடைமை இழந்தோரும் பலர். அதை மறந்துவிடச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. என் தாயார் எங்களை அழைத்துக்கொண்டு ஊருக்குச் சென்றார். எங்கள் தெரு முழுவதும் எரிந்துவிட்டதென்று அங்கே செய்தி வந்தது. பொங்கலுக்குப் பின் திரும்பி வந்தபோது, வீடு விட்டபடியே இருந்தது. சாவியை வைத்திருந்த அண்டை வீட்டுக் கன்னட அம்மையார் துளசிக்கு நாள்தோறும் நீர் ஊற்றி வந்திருந்தார். "வந்த செய்தியும் மெய்யென்றே நம்பினோம், நம் தெருவுக்கு மட்டும் அது பொய்யாயிற்று" என்றார் ஆயா.

2009 ஆகத்து 9ஆம் நாள் அச்சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. வள்ளுவர் ஈரடியில் பாடினார். சர்வக்ஞர் மூவடியில் பாடினார். என் மகளுக்கு இருவரையும் படிக்க முடியும். அவ்வாண்டு குறள் ஒப்புவித்தல் போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை; பள்ளியில் சர்வக்ஞரைப் பாடி இரண்டாம் பரிசு பெற்றாள்.

அவளும் அவளுடைய கன்னடத் தோழி ஒருத்தியும் சேர்ந்து கையெழுத்து ஏடு ஒன்று தொடங்கினார்கள். நான்கு இதழ்களே வந்தன. காளி என்னும் நாயின் கதையை என் மகள் அதில் தமிழில் எழுதினாள். இராசாதித்தன் கதையைக் கன்னடத்தில் எழுதினாள். முன்னது ஆயாவுக்குப் படித்துக் காட்ட, பின்னது தோழிக்கு. அந்தத் தோழி கொடுத்த நூல் மாசுதி வெங்கடேச ஐயங்காரின் சிறுகதைத் தொகுதி. இல்லத்தில் தமிழ் பேசிய குடும்பத்தில் பிறந்து, கன்னடச் சிறுகதைக்குப் பெரும் புகழ் தேடித் தந்து, 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றவர் அவர் என்பதை அறிந்தபோது என் மகள் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றியது. தமிழ் வீட்டிலிருந்து சென்றவர் கன்னடத்துக்கு உரியவராகவும் ஆகலாம் என்பதற்கு அவளுக்கு ஒரு சான்று கிடைத்தது.

மார்ச்சு மாதம் தேர்வு வந்தது. கணக்கில் மதிப்பெண் சற்றுக் குறைந்தது, கன்னடத்தில் உயர்ந்தது. தமிழ் படித்தால் கன்னடம் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் இதைக் கருதிப் பார்க்கலாம். ஒரு பிள்ளையின் கணக்கைக் கொண்டு பொது விதி வகுக்க நான் முற்படவில்லை; எங்கள் இல்லத்தில் நடந்தது இது.

செப்டம்பரில் எழுதிய வினாவுக்குக் குறிப்பேட்டின் இறுதிப் பக்கத்தில் அவளே விடை எழுதியிருந்தாள்: "இராசாதித்தனுக்காக வருந்தினேன். காளிக்காகவும் வருந்தினேன். இரண்டும் செய்யலாம் போலிருக்கிறது."

பெரியவர்களாகிய நாம் பல மேடைகளில் சொல்ல முயன்றதைப் பதினான்கு வயதுப் பெண் மூன்று வரியில் எழுதிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. ஒரு மொழியின் கதையை மட்டும் படித்த பிள்ளை ஒரு பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். எதையும் படிக்காத பிள்ளையோ, பிறர் கொண்டுவரும் செய்தி எதுவாயினும் அதை நம்பும். இரண்டையும் படித்த பிள்ளைக்கே தானாக எண்ணிப் பார்க்க இடமிருக்கிறது. தமிழின் பெருமையை ஆண்டுக்கு ஒருமுறை விழாவில் எடுத்துரைப்பதைவிட, தமிழைப் பயன்படுத்த ஒரு தேவையைப் பிள்ளைக்கு உண்டாக்குவது மேல். எங்கள் வீட்டில் அத்தேவை, கதை கேட்கக் காத்திருந்த ஒரு முதியவர். ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் அத்தகையவர் ஒருவர் இருப்பார்.

பத்தாம் வகுப்பில் ஞாயிற்றுப் பயணங்கள் நின்றன. பொதுத் தேர்வு அவ்வளவுக்கு இடம் தரவில்லை. ஆயினும் இரவுப் படிப்பு தொடர்ந்தது. 'பொன்னியின் செல்வ'னின் ஐந்தாம் பாகம் அந்த ஆண்டு கோடையில் முடிந்தது. இப்போது அவள் கல்லூரியில் பயில்கிறாள். ஊரிலிருந்து அழைப்பிதழ் வந்தால் ஆயா அதை என்னிடம் நீட்டுவதில்லை, அவளிடமே கொடுக்கிறார்.

அண்மையில் உள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மடிவாளமும் பேகூரும் தொலைவில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளையும், இயன்றால் வீட்டுப் பெரியவர்களையும், அண்டை வீட்டுக் கன்னடப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். கல்லைக் காட்டியபின் பிள்ளைகள் கேட்கும் வினாவுக்கு உடனே விடை கூறிவிட வேண்டாம்.