பதித்த ஒலியும் பிறப்பித்த ஒலியும்

சிறியதோர் அறையில் ஒரு மேசையையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் வைத்துக்கொண்டு இசையமைக்க முற்படும் எவரும் விரைவிலோ தாமதித்தோ எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. கைப்பணம் ஒரு கருவிக்கே போதும் என்ற நிலையில், வாங்க வேண்டியது சிந்தசைசரா, சாம்ப்ளரா என்பதே அவ்வினா. கடைக்காரரைக் கேட்டால் இரண்டையும் வாங்கச் சொல்வார். நண்பரைக் கேட்டால் தாம் வைத்திருப்பதையே சொல்வார். ஓராண்டின் பெரும்பகுதியை இவ்வினாவோடு கழித்தவன் என்ற ஒரே தகுதி பற்றியே இக்கட்டுரையை எழுதத் துணிகின்றேன்.

புறத்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றினும் தொழிலால் வேறானவை. சிந்தசைசர் ஒலியைத் தானே பிறப்பிப்பது. மின்சுற்றொன்றில் எழும் அலைவே அதன் மூலப்பொருள். மேற்றொனிகள் செறிந்த அவ்வலைவை வடிகட்டியினூடு செலுத்தி, வேண்டாதவற்றைக் கழித்து, ஒலி எழும் விரைவையும் தேயும் விரைவையும் வகுத்து ஒரு சுரமாக்கி நமக்குத் தருகின்றது. சாம்ப்ளரோ ஒன்றையும் பிறப்பிப்பதில்லை. வெளியே ஏற்கெனவே ஒலித்த ஒன்றைச் செவிமடுத்து, விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அவ்வளவுகளை எண்களாகத் தன் நினைவகத்திற் சேமித்து, நாம் வேண்டும்போது வேண்டிய சுருதியில் மீளத் தருவது அது. இறுவட்டின் அளவுகோல்படி விநாடிக்கு 44,100 அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைற்றுக்கள்.

இவ்வேறுபாடு இக்கருவிகளுக்கு முந்தியது என்பது மனங்கொளத்தக்கது. 1948 இல் பாரிசு நகரிலே பியர் ஷேபர் புகையிரதங்களின் ஓசையைப் பதிவுசெய்து, அதனையே வெட்டியும் அடுக்கியும் இசையாக்கினார். 1951 இல் கொலோன் வானொலி நிலையத்தில் நிறுவப்பட்ட கூடத்தினரோ, மின்பொறி பிறப்பிக்கும் தூய அலைகளிலிருந்தே இசையைக் கட்டியெழுப்ப முனைந்தனர். உலகில் உள்ள ஒலியே மூலம் என்றது ஒரு மரபு; உலகில் இல்லாத ஒலியை ஆக்குவதே கலை என்றது மற்றையது. ஸ்ரொக்ஹவுசன் 1955, 1956 ஆம் ஆண்டுகளில் ஆக்கிய 'கெசாங் டெர் யுங்லிங்கே' என்னும் படைப்பில், சிறுவன் ஒருவனின் பதிவுசெய்த குரலும் மின்னொலிகளும் ஒன்றோடொன்று பிரித்தறிய இயலாதவாறு கலந்தன. ஆனால் அவருக்கு ஒரு வானொலி நிலையமே கருவியாக வாய்த்திருந்தது.

சிந்தசைசரின் வரலாறு பலரும் அறிந்ததே. ரொபேட் மோக் 1964 இல் அமைத்த பெருங்கருவி, 1970 இல் கையால் எடுத்துச் செல்லக்கூடிய மினிமோக் ஆகியது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சௌனிங் 1967 இல் கண்டறிந்த மீடிறன் பண்பேற்ற முறை, 1983 இல் யமஹா டீஎக்ஸ் 7 என்ற கருவியாகி உலகெங்கும் பரவியது.

சாம்ப்ளரின் கதையோ எனக்கு இதனினும் சுவையானதாகப் படுகின்றது. ஏனெனில் அது வறுமையின் கதை. 1979 இல் அவுஸ்திரேலியாவில் உருவான பெயர்லைற் கருவி ஒரு வீட்டின் விலைக்கு விற்கப்பட்டது. அதற்கும் ஒரு குரலுக்கு 16 கிலோபைற்று நினைவகமே வாய்த்திருந்தது. 1987 இல் வெளிவந்த ஈமியூ எஸ்பீ 1200 என்ற கருவியில் மொத்தம் 10 விநாடிகளே அடங்கும். தனியொரு துண்டு 2.5 விநாடியை விஞ்சலாகாது. நியூயோர்க்கின் ஹிப் ஹொப் இளைஞர் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். நிமிடத்திற்கு 33 சுற்றில் ஒலிக்கவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவுசெய்து, பின்னர் கருவியினுள்ளே சுருதியைத் தாழ்த்தினர். ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நேரம் மிச்சமாயிற்று. அவ்வாறு தாழ்த்தும்போது ஒலியில் ஏறிய கரகரப்பையே பின்வந்தோர் அழகெனக் கொண்டாடினர்; இன்றுங்கூட அக்கரகரப்பைப் போலிசெய்யும் பொத்தான்களைப் பொருத்தித் தூய நினைவகங்களை விற்கின்றனர்.

நிற்க. நம் இசையை நோக்கினால் இவ்வேறுபாடு இன்னுங் கூர்மை பெறுகின்றது. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதன்று. அசைவே அதன் உயிர். நாதசுரக் கலைஞர் வாசித்த காந்தாரத்தைச் சாம்ப்ளரிற் பதித்தால், அன்று அவர் அசைத்த அசைவு அப்படியே உறைந்துவிடும். அதனைப் பழைய முறையில் உயர்ந்த கட்டையில் ஒலிக்கச்செய்தாலோ அசைவும் விரைவுபடும். ஒரு தாயி மேலே சென்றால் இரு மடங்கு விரைவு, பாதி நீளம். வேகத்தை மாற்றாது சுருதியை மட்டும் மாற்றும் வசதி இன்றைய கருவிகளில் உண்டெனினும், அது குரலில் ஒருவகைத் தகரத்தன்மையை ஏற்றிவிடுகின்றது. ஒற்றைச் சுரச் சிந்தசைசரோ, ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்திற்கு வழுக்கிச் செல்லவும், சுருதிச் சில்லைக் கையால் அசைத்துக் கமகம் கொடுக்கவும் இடந்தருகின்றது. பாடகரோ வயலின் கற்றவரோ என்னிடம் கேட்பாராயின் தயக்கமின்றிச் சிந்தசைசரையே சொல்வேன்.

தவிலுக்கு இது தலைகீழாகும். ஒவ்வோர் அடியும் நொடிப்பொழுதில் முடிந்துவிடுவதால் சாம்ப்ளர் அதனை முழுமையாகப் பிடித்துக்கொள்கிறது. எந்தச் சிந்தசைசரும் அத்தோலின் அதிர்வை எனக்குத் தந்ததில்லை. ஒரே அடியை ஐந்தாறு முறை வெவ்வேறாகப் பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடல் வேண்டும். இன்றேல் தையல் இயந்திரம் ஓடுவது போலிருக்கும்.

பதிந்த ஒலிக்கு உரியவர் எவர் என்ற வினாவும் சாம்ப்ளரோடு கூடவே வீட்டுக்குள் நுழைகின்றது. 1969 இல் வின்ஸ்ரன்ஸ் குழுவினர் வெளியிட்ட 'ஏமன் பிரதர்' என்னும் பாடலில் கிரகரி கோல்மன் தனித்து முழங்கிய ஏறத்தாழ ஆறு விநாடிப் பறையொலி, பின்னாளில் ஆயிரக்கணக்கான பாடல்களின் முதுகெலும்பாயிற்று. அதனால் அவருக்குக் காசு எதுவும் கிட்டவில்லை. 2006 இல் வறுமையிலேயே இறந்தார். 1991 இல் நியூயோர்க் நீதிமன்றமொன்று, கில்பேட் ஓசலிவனின் பாடற்றுண்டொன்றை அனுமதியின்றி எடுத்தாண்ட பிஸ் மார்க்கியின் இசைத்தட்டைத் தடைசெய்த பின்னரே இத்தொழிலில் உரிமம் பெறும் வழக்கம் வலுப்பெற்றது.

எனது நிலையில் இது சட்டத்தின் வினாவாக வரவில்லை. என்னிடம் ஓர் ஒலிநாடா உண்டு. 1994 இல், தமது தம்பியின் செத்தவீட்டில் என் பெரியம்மா வைத்த ஒப்பாரி அதிலே பதிவாகியுள்ளது. நான் கருவி வாங்க நினைத்ததே அதனைச் சுற்றி ஓர் இசையை அமைக்கும் பொருட்டுத்தான். அதன் ஓரடியில் இறந்தவரின் பெயர் வருகின்றது. பெயரின் இறுதியிலே குரல் உடைந்து கீழிறங்கும். இசையமைப்பவன் எவனும் அந்த மூன்று விநாடியைத்தான் வெட்டி எடுப்பான். பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "என்ர குரலை என்னவெண்டாலும் செய் தம்பி. அவன்ர பேரை மட்டும் துண்டாக்காதை" என்றார்.

எனவே அடி முழுவதும் வேண்டும். அது 11 விநாடி நீளமுடையது. இறுவட்டின் அளவுகோல்படி 970,200 பைற்றுக்கள். எஸ்பீ 1200 இல் அது இடங்கொள்ளாது. 2021 இல் வெளிவந்த றோலண்ட் எஸ்பீ 404 மார்க் 2 என்ற சிறுகருவியோ 16 கிகாபைற்றுச் சேமிப்பகம் உடையது. பெரியம்மாவின் ஒலிநாடா முழுவதையும் அதில் ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

கணினி ஒன்றே இரு தொழிலையும் செய்யுமே என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் பகலெல்லாம் கடிதமும் கணக்கும் பார்க்கும் அதே திரையின் முன் இரவிலும் அமர எனக்கு மனமில்லை; இது தருக்கமன்று, விருப்பம். இரண்டையும் வாங்கலாமே என்பார்க்கு, 2022 இல் இரண்டே மாதங்களுள் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாகிய நாட்டிலிருந்து எழுதுகிறேன் என்பதே விடை. ஜே டில்லா என்ற டெற்றோயிற் இசைஞரின் ஆக்காய் எம்பீசீ 3000 சாம்ப்ளரும் மோக் சிந்தசைசரும் இன்று வாஷிங்டன் நூதனசாலையொன்றில் இருக்கின்றன. அவருக்கு இரண்டும் தேவைப்பட்டன என்பதை நானும் அறிவேன்.

தீர்ப்பைத் தந்தது மிக எளிய நியாயமொன்று. சிந்தசைசரின் ஒலியைச் சாம்ப்ளரிற் பதிந்துகொள்ளலாம். ஒரு மனிதக்குரலைச் சிந்தசைசரால் ஆக்க முடியாது. ஆகவே சாம்ப்ளரை வாங்கினேன். பின்னர் நண்பரொருவரின் கோர்க் மினிலோக்கை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் பெற்றேன். ஒப்பாரியின் சுருதி எந்தக் கட்டைக்கும் அடங்காது சற்றே தாழ்ந்து நின்றமையால், சுருதித் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, குரலுக்கு இசைந்த இடத்தில் நிறுத்தி, 20 விநாடி நீளமான ஆதாரசுருதியொன்றைப் பதிந்துகொண்டேன்.

இரவல் ஒலிக்குள்ள குறையும் அதுவே. வடிகட்டியை நான் அன்று மெல்லத் திறந்த அசைவு ஒவ்வொரு 20 விநாடிக்கும் அதே அசைவாகத் திரும்புகின்றது. அது திரும்பும் இடம் என் செவிக்குத் தெரிகின்றது. பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை வெவ்வேறு நீளமுள்ள இரண்டு துண்டுகளைப் பதிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்க எண்ணியுள்ளேன். நண்பர் கருவியை மீண்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.