சோடி சேர்க்கும் கணக்கு

எங்கள் வீட்டில் ‘காட்’ என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. காட் என்றால் உம்மாவுக்குச் சூது. சூது என்றால் ஹராம். அதற்கு மேல் பேச்சில்லை. ஆகவே, வெளிநாட்டில் படிக்கும் நானா விடுமுறையில் வந்து ஒரு கட்டுக் காட்களை மேசையில் வைத்ததும், “இதென்ன மகன், இதுவும் சூதுதானே?” என்றுதான் உம்மா முதலில் கேட்டார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சேகரித்து விளையாடும் இவ்வகைக் காட்களுக்கு 1993ஆம் ஆண்டு வழிதிறந்தது ‘மெஜிக்: த கெதரிங்’ என்ற விளையாட்டு. அதை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்பீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். போக்கிமொன் போன்றவை அதன் பின்னால் வந்தவை. இவற்றின் காட்கள் பெரும்பாலும் மூடிய பொதிகளில் விற்கப்படுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பது காசு கொடுத்துப் பிரித்த பின்னரே தெரியும். ஓர் அரிய காட்டுக்காகப் பொதி மேல் பொதியாக வாங்குவோர் உண்டு. 2001இல் சவூதி அரேபியாவில் போக்கிமொன் தடைசெய்யப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களில் சூதாட்டத்தை ஒத்த தன்மையும் ஒன்று.

நானா கொண்டுவந்தது ‘நெட்ரன்னர்’ என்ற விளையாட்டு. ஒருவர் பெரிய கம்பனி. மற்றவர் அதன் கணினிக்குள் நுழையப் பார்ப்பவர். இதையும் 1996இல் கார்பீல்டே உருவாக்கினார். 2012இல் இன்னொரு நிறுவனம் அதைப் புது வடிவில் வெளியிட்டபோது, மூடிய பொதி முறையைக் கைவிட்டது. எந்தப் பொதியில் எந்தெந்தக் காட் இருக்கிறது என்பது வாங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். நானாவின் கையில் இருந்தவையோ கடையில் வாங்கியவைகூட அல்ல. இலவசமாகக் கிடைக்கும் கோப்பை அச்சிட்டு, கத்தரிக்கோலால் வெட்டியவை. பணயமும் இல்லை, பரிசுச் சீட்டும் இல்லை. உம்மா அரை மனதோடு தலையசைத்தார்.

இலவசமாக எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டபோதுதான் எனக்குக் கதை தெரியவந்தது. உரிம உடன்படிக்கை முடிவுக்கு வந்ததால், 2018இல் இந்த விளையாட்டின் விற்பனை நிறுத்தப்பட்டது. புதிய காட் வராது. நிறுவனம் நடத்திவந்த சுற்றுப்போட்டிகளும் இனி இல்லை. வழக்கமாக ஒரு விளையாட்டு இப்படித்தான் அலுமாரிக்குள் போய் முடங்கும். ஆனால், விளையாடியவர்கள் விடவில்லை. பல நாடுகளில் இருந்தும் தொண்டர்கள் சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கினர். இன்று அதன் பெயர் ‘நல் சிக்னல் கேம்ஸ்’. புதிய காட்களை அவர்களே ஆக்குகிறார்கள்; விதிகளை அவர்களே திருத்துகிறார்கள். சுற்றுப்போட்டிகளை நடத்துவதற்கோ, விளையாடுபவர்களில் ஒருவர் எழுதத் தொடங்கிய ‘கோப்ரா’ என்ற மென்பொருள் இருக்கிறது.

சுற்றுப்போட்டி நடத்த மென்பொருள் எதற்கு, ஒரு கொப்பியும் பேனையும் போதாதா என்று நானும் நினைத்தேன். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் எனக்கு நானா ஒரு கணக்குத் தந்தார். எட்டுப் பேரை நான்கு சோடிகளாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று ஆகியவற்றைப் பெருக்கினால் 105 வரும். பதினாறு பேர் என்றால்? நான் பெருக்கிப் பார்த்தேன்: 20,27,025. ஒரே ஒரு சுற்றுக்கே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வழிகள்! அவற்றில் எது நியாயமானது என்பதுதான் கேள்வி.

நாம் அறிந்த ‘நொக் அவுட்’ முறையில் தோற்றவர் வீட்டுக்குப் போகலாம். காட் விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ‘சுவிஸ் முறை’யைப் பின்பற்றுகின்றன. 1895இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் முதன்முதலில் பயன்பட்டதால் வந்த பெயர் அது. இதில் எவரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு புள்ளி உள்ளவர்கள் மோதுவார்கள். ஒருமுறை மோதிய இருவர் மீண்டும் மோதக் கூடாது. ஆட்களின் தொகை ஒற்றை எண்ணாக இருந்தால், எதிராளி கிடைக்காத ஒருவருக்கு அந்தச் சுற்றின் புள்ளி சும்மா கொடுக்கப்படும். அதுவும் ஒருவருக்கே திரும்பத் திரும்பப் போகக் கூடாது. நெட்ரன்னரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பனியும் ஊடுருவுபவரும் முற்றிலும் வெவ்வேறு விதமாக விளையாடுபவர்கள். ஒரு சுற்றுக்கு ஓர் ஆட்டம் என்று வைத்தால், ஒவ்வொருவரும் இரு பக்கங்களிலும் ஏறக்குறையச் சமமாக அமரும்படி பார்க்க வேண்டும்.

இத்தனை நிபந்தனைகளையும் ஒருசேரப் பார்த்துச் சோடி சேர்ப்பதற்குக் கணிதத்தில் வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆளையும் ஒரு புள்ளியாக வைத்து, மோதக்கூடிய இருவரைக் கோட்டால் இணைத்து, அந்தச் சோடி எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு ஓர் எண்ணைக் கோட்டின் மேல் எழுத வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் சோடியாக்கும் கோடுகளில், கூட்டுத்தொகை அதிகமான தெரிவு எது? இதை விரைவாகக் கண்டுபிடிக்கும் முறையை ஜாக் எட்மண்ட்ஸ் என்பவர் 1965இல் வெளியிட்டார். அதற்கு ‘மலர்’ என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். நான் புத்தகத்தில் படிக்கும் கணிதம் எங்கோ ஒரு மண்டபத்தில் இருவரை ஒரு மேசைக்கு அனுப்பிவைக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

ஆனாலும், என் மனதில் அதிகம் நின்றது கணக்கு அல்ல. கோப்ராவின் மூல நிரல் எவரும் வாசிக்கக்கூடியபடி திறந்திருக்கிறது. நானாவின் மடிக்கணினியில் நானும் அதைத் திறந்து பார்த்தேன். எல்லாம் விளங்கவில்லை. ஆனால், விளங்கியவரை மறைவு ஒன்றும் இல்லை. ‘என்னை ஏன் இவரோடு போட்டீர்கள்?’ என்று ஒருவர் கேட்டால், நடுவர் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. விதி இதோ இருக்கிறது, பார் என்று காட்டலாம். விதி பிழையென்றால் சுட்டிக்காட்டலாம்; தெரிந்தவர் திருத்தியும் கொடுக்கலாம்.

உம்மாவிடம் இதைச் சொன்னேன். “காசும் இல்லாம என்னத்துக்கு மகள் இவ்வளவு பாடுபடுறாங்க? வெறும் விளையாட்டுக்குத்தானே?” என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில், வாப்பா வேறொன்றைச் சொன்னார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் எமது நாட்டு மென்பொருளாளர்கள் கூலி கேட்காமல் சேர்ந்து எழுதியதுதான் ‘சஹானா’. காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய உதவிய அந்த மென்பொருளை, 2005ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது பாகிஸ்தானிலும் பயன்படுத்தினார்கள். அதுவும் திறந்த மூல மென்பொருளே. “பழக்கம் ஒன்றுதான். விளையாட்டில் பழகியவன் ஆபத்திலும் செய்வான்” என்றார் வாப்பா. உம்மா சற்று யோசித்துவிட்டு, “அப்ப அமானிதமா வெச்சிருக்காங்க” என்றார். நான் தேடிய சொல் அதுதான்.

இந்த அமானிதத்தைக் காப்பது இலேசானதல்ல. எழுதியவருக்கு வேலையோ குடும்பப் பொறுப்போ கூடினால், வேறொருவர் முன்வர வேண்டும். நன்றி சொல்பவர் சிலர். போட்டி நாளில் ஏதும் பிசகினால் குறை சொல்பவர் பலர். இதையெல்லாம் தெரிந்துகொண்டே சிலர் பொறுப்பேற்கிறார்கள்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியதும், எங்கள் கெரம் போட்டியைச் சுவிஸ் முறையில் நடத்திப் பார்க்க நானும் தோழியர் இருவரும் அனுமதி கேட்டோம். பங்குபற்றியவர்கள் பதினாறு பேர். நொக் அவுட் என்றால் பதினைந்து ஆட்டங்களில் முடிந்துவிடும். எட்டுப் பேர் ஒரே ஆட்டத்தோடு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் நான்கு சுற்றுகள், முப்பத்திரண்டு ஆட்டங்கள் வைத்தோம். விடுதியில் கைத்தொலைபேசி இல்லை, கொப்பியும் பென்சிலும்தான். சோடி சேர்க்கும் விதிகளை ஒரு தாளில் எழுதி, போட்டிக்கு முதல் நாளே சுவரில் ஒட்டினோம். ஒரே புள்ளி பெற்ற இருவரில் யார் மேலே என்பதும் அதில் இருந்தது: யாருடைய எதிராளிகள் கூடுதலாக வென்றிருக்கிறார்களோ, அவரே மேலே.

ஒரு சனிக்கிழமை போதவில்லை, இரண்டு தேவைப்பட்டன. நான்காம் சுற்றுக்குச் சோடி சேர்க்க எங்களுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. முதல் ஆட்டத்தில் தோற்று முகம் வாடிய தரம் எட்டுத் தங்கை ஒருத்தி, அடுத்த மூன்றையும் வென்று முன்வரிசைக்கு வந்தாள். கடைசி இடத்தில் வந்த பிள்ளையும் நான்கு ஆட்டங்கள் விளையாடியிருந்தாள். ‘உங்கட கூட்டாளிக்கு இலேசான ஆளைப் போட்டுட்டீங்க’ என்ற வழக்கமான முணுமுணுப்பு இம்முறை வரவில்லை. சந்தேகம் வந்தவர்கள் சுவரில் இருந்த தாளிடம் போனார்கள்.

அடுத்த தவணையில் அந்த விதிகளைத் தமிழில் இயங்கும் ஒரு சிறு மென்பொருளாக்க முயல்கிறோம். தகவல் தொழினுட்பப் பாட ஆசிரியை, ஆய்வுகூடத்தில் இரண்டு கணினிகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், அதன் மூல நிரலையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வைப்போம். நாங்கள் உயர்தரம் முடித்துப் போன பிறகு, யாரோ ஒரு தங்கை அதைத் திறந்து எங்கள் பிழைகளைத் திருத்த வேண்டும் அல்லவா?