இறங்கியவர் ஏறும் வழி

செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்குவதையே பெருஞ்சாகசம் என்று நாம் எண்ணுகிறோம். இறங்குவோருக்கு அவர்தம் உடற்பாரமே துணை. கயிறு உலோகக் கருவியில் வளைந்தோடும் உராய்வு வேகத்தை அடக்கிக்கொள்கிறது. ஏறும்போது அதே பாரம் பகையாகிவிடுகிறது. ‘நஸல’ என்றால் இறங்கினான், ‘ஸஇத’ என்றால் ஏறினான் என்று இவ்விரு அரபு வினைகளையும் மாணவர்க்கு இணையாகவே கற்பித்து வருகிறேன். ஏட்டில் அவை இணைதாம், பாறையில் அல்ல.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையேயுள்ள பிரனீஸ் மலையில், பியர் சான் மார்த்தான் என்னும் குகை உண்டு. 1952 ஆகஸ்டில், 300 மீட்டருக்கும் ஆழமான அதன் படுகுழியில் மார்செல் லூபான் என்னும் குகை ஆய்வாளர் எஃகு வடத்தில் இறக்கப்பட்டார். நலமாக இறங்கினார், சில நாட்கள் ஆய்வும் நடத்தினார். அவரை மேலே இழுக்கத் தொடங்கிய சற்று நேரத்தில், வடத்தோடு அவரைப் பிணைத்திருந்த பிடிப்பான் நழுவிற்று. எரிமலை அறிஞர் ஹாரூன் தாஜியெஃப் உள்ளிட்ட தோழர்கள் கீழே இருந்தும், ஏறத்தாழ ஒன்றரை நாளில் உயிர் பிரிந்தது. உடலை மேலே கொணர 1954 வரை காத்திருக்க நேர்ந்தது. வடம் அறவில்லை என்பதை வாசகர்கள் கருத வேண்டும். அம்மனிதர் தொங்கியது ஒரே பிடியில்!

தம் கயிற்றில் தாமே ஏறுவோர் இரு பிடிகளை நம்புகின்றனர். ஆஸ்திரியரான கார்ல் புரூசிக் 1931இல் விளக்கிய முடிச்சு அதற்கு உதவுகிறது. மலையேற்றம் பயின்ற என் பழைய மாணவர் ஒருவர், எங்கள் வீட்டுத் தாழ்வாரத்து உத்திரத்தில் கயிற்றைக் கட்டி அதனைச் செய்து காட்டினார். மெல்லிய நாண் வளையத்தைப் பருத்த கயிற்றின் மேல் மும்முறை சுற்றினார். பாரம் ஏறியதும் அது இறுகிக் கவ்விக்கொண்டது. பாரம் நீங்கியதும் விரலால் தள்ள நகர்ந்தது.

“ஹஜ்ரத், இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் சரியாகக் கவ்வாது. கயிறு நனைந்தாலோ பனி உறைந்தாலோ வழுக்கும்” என்றார் அவர்.

மேல் வளையம் இடுப்பு வாருக்கு. நீண்ட கீழ் வளையம் பாதத்துக்கு. காலை ஊன்றி எழுந்து மேல் முடிச்சை நகர்த்துவதும், இடுப்பில் அமர்ந்து கீழ் முடிச்சை நகர்த்துவதுமாக ஏற்றம் நடைபெறும். கீழ் வளையத்திலிருந்தும் இடுப்புக்கு ஓர் இணைப்பு அவசியம். அத்தோடு, சில மீட்டர் ஏறியதும் கீழேயுள்ள கயிற்றில் ஒரு முடிச்சிட்டு வாரில் கோத்துக்கொள்வர். இரு பிடியும் வழுக்கினாலும் வீழ்ச்சி அங்கே நின்றுவிடும். சுவிட்சர்லாந்தின் யூசி, மார்ட்டி இருவரும் 1958இல் ஆக்கிய ‘ஜூமார்’ என்னும் பற்கருவி இவ்வேலையை விரைவாக்கியது. ஆயினும் சட்டைப்பையில் அடங்கும் இரு நாண்களை இன்றும் அனுபவசாலிகள் விடுவதில்லை.

மிகக் கடினமான இடம் உச்சி விளிம்பு. அங்கே உடற்பாரம் கயிற்றைப் பாறையோடு அழுத்துவதால் முடிச்சைத் தள்ள இடுக்கே கிடைப்பதில்லை. களைத்த கைகள் துவளுமிடமும் அதுவே. ஏறுவோரின் ஒவ்வோர் அசைவிலும் கயிறு விளிம்பில் அராவப்படுவதும் உண்டு. ஆதலால் தேர்ந்தவர்கள், இறங்குமுன்பே விளிம்பில் தடித்த துணியை விரித்து, கால் வைத்தெழ ஒரு தனி வளையத்தையும் உறுதியாகக் கட்டித் தொங்கவிட்ட பிறகே முதலடியைக் கீழே வைக்கின்றனர்.