சென்னையிலிருந்து ரங்கூனுக்கு: ஜட்சன் தம்பதியரின் பயணம் – பகுதி 3

அடோனிராம் ஜட்சன், ஆன் ஜட்சன் என்னும் அமெரிக்க மிஷனரித் தம்பதியர் 1813 ஜூன் மாதத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, எந்த நாட்டுக்குச் செல்ல விரும்புகிறார்கள் என்பதைவிட எந்த நாடு தங்களை இருக்கவிடும் என்பதே அவர்கள் முன் நின்ற வினாவாயிற்று. முந்தைய ஆண்டு ஜூனில் கல்கத்தாவை அடைந்த அவர்கள், கப்பலில் தொடங்கிய வேத ஆராய்ச்சியின் முடிவாக, நம்பிக்கையை அறிக்கையிட்ட பின்னரே நீரில் முழுக வைத்து ஞானஸ்நானம் அளிக்கவேண்டும் என்னும் பாப்டிஸ்ட் கொள்கையை ஏற்றனர். அதனால் தங்களை அனுப்பிய சங்கத்தின் ஆதரவை விட்டுவிலகினர். மிஷனரிகளை விரும்பாத கிழக்கிந்தியக் கம்பெனியின் வெளியேற்ற ஆணைக்கும் ஆளாகி, மொரீஷியஸ் வரை அலைந்தே சென்னைக்கு வந்திருந்தனர்.

சென்னையும் கம்பெனியின் ஆட்சிப் பகுதியே. துறைமுகம் அமையாத அக்காலத்தில் கப்பல்கள் கடலில் தொலைவாக நங்கூரமிட, கயிற்றால் தைத்த பலகைகளாலான மசூலாப் படகுகளே ஆட்களைக் கரைக்கும் கப்பலுக்குமாகக் கொண்டுசென்றன. மீண்டும் வெளியேற்ற ஆணை வருமுன் அக்கரையைவிட்டு நீங்க அவர்களுக்குக் கிடைத்த கப்பலோ, பர்மாவின் ரங்கூனுக்குச் செல்லவிருந்த ஒரு பழங்கப்பல். பர்மாவில் கால்வைக்கவேண்டாம் என்று கல்கத்தாவிலேயே பலர் எச்சரித்திருந்தும், ஜூன் 22ஆம் நாள் அவர்கள் அதில் ஏறினர். நிறைமாதக் கர்ப்பிணியாயிருந்த ஆன் அம்மையாருக்குத் துணையாக அமர்த்தப்பட்ட பெண் கப்பல் புறப்பட்ட வேளையிலேயே இறந்துபோனதும், அம்மையாரின் முதற்குழந்தை கடலிலேயே இறந்து பிறந்ததும், காற்று கப்பலை அந்தமான் தீவுகளின் பக்கம் தள்ளியதும் அப்பயணத்தின் துயரங்கள். ஜூலை நடுப்பகுதியில் ரங்கூனை அடைந்தபோது நடக்கவியலாதிருந்த அம்மையாரை, ஒரு நாற்காலியில் மூங்கில்களைப் பிணைத்து, பர்மியர் சிலர் தோளில் சுமந்து ஊருக்குள் கொண்டுசென்றனர்.

அவர்கள் குடியேறிய மிஷன் வீடு, வங்காளத்தின் செராம்பூரில் இயங்கிய பாப்டிஸ்ட் மிஷனரிகளால் கட்டப்பட்டது. அம்மிஷனரிகளுள் ஒருவரான வில்லியம் கேரியின் மகன் பெலிக்ஸ் கேரி அதில் வாழ்ந்துவந்தார்; எனினும் அவ்வேளையில் அவர் தலைநகருக்குச் சென்றிருந்தார். ஊர் மதிலுக்கு வெளியே, குற்றவாளிகளைக் கொல்லும் களத்துக்கு அருகே நின்ற அவ்வீட்டில் கொள்ளையர் அச்சம் மிகுந்ததால், 1814இன் தொடக்கத்தில் அவர்கள் மதிலுக்குள் குடிபெயர்ந்தனர். ரொட்டியும் வெண்ணெயும் உருளைக்கிழங்கும் இல்லாத அவ்வூரில் சோறும் கோழிக்கறியும் வெள்ளரிக்காயுமே பெரும்பாலும் அவர்களது உணவாயின. உணவுக்கும் வெயிலுக்கும் உடல் பழகிவிடும்; பேச ஒருவர்கூட இல்லாத தனிமை அதனினும் கொடியது. அமெரிக்கப் பாப்டிஸ்ட்டுகள் 1814இல் பிலடெல்பியாவில் கூடித் தங்களை ஏற்றுக்கொண்டனர் என்னும் செய்தியே மறு ஆண்டில்தான் அவர்களுக்கு எட்டியது என்பதை நினைத்தால் அத்தனிமையின் அளவு விளங்கும்.

மொழிப் பயிற்சிக்கு அவர்களிடம் அகராதியோ இலக்கணமோ போதிய அளவில் இல்லை. ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது; பெண்ணுக்குக் கற்பிப்பதில் தொடக்கத்தில் அவருக்கு விருப்பமும் இல்லை. பொருளைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்டும், சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளை எழுத்தெழுத்தாகப் பிரித்தும், பௌத்தத் திருநூல்களின் மொழியாகிய பாலியிலிருந்து வந்த சொற்களைத் தனியே பயின்றும் இருவரும் முன்னேறினர். கணவர் நாள்முழுதும் ஓலைகளோடு அமர்ந்திருக்க, வேலையாட்களோடும் அங்காடியோடும் பேசியே தீரவேண்டிய குடும்பப் பொறுப்பு அம்மையாருடையதாயிற்று. அதனால் மொழியின் அமைப்பைக் கணவர் ஆழமாக அறிந்தபோதும் பேசுவதிலும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் தாமே முந்தியிருப்பதை அம்மையார் எழுதிவைத்துள்ளார். ஜட்சன் பின்னாளில் பர்மிய மொழியில் பெயர்த்த வேதாகமத்தைப் பெரிதாகப் போற்றும் வரலாறுகள் இந்த அடுப்படிக் கல்வியைக் கடந்துபோய்விடுகின்றன. ஆனால் பர்மிய மண்ணில் அவர்களை முதலில் ஊன்றச் செய்தது இதுவே எனலாம்.

இதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. மன்னரின் சார்பாக ரங்கூனை ஆண்ட அதிகாரி மியோவுன் எனப்பட்டார். உயிரையும் பொருளையும் பறிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. பர்மியச் சமூகத்தில் மனைவியரின் வழியாகவும் விண்ணப்பம் செய்யலாம் என்பதைக் கண்டறிந்த அம்மையார், 1813 டிசம்பரில் அவ்வதிகாரியின் மனைவியைச் சென்று கண்டார். நீண்ட வெள்ளிக் குழலில் புகைபிடித்தபடி வந்த அப்பெருமாட்டி, கணவரைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் உசாவினார். மருத்துவர் இல்லாத ரங்கூனிலிருந்து 1815 ஜனவரியில் சிகிச்சைக்காக அம்மையார் சென்னைக்குச் சென்றபோது, பர்மியப் பெண்கள் நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்னும் சட்டத்தைத் தளர்த்தி, ஒரு பர்மியப் பெண்ணைத் துணைக்கு அழைத்துச்செல்ல இசைவு கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பிறந்த ரோஜர் என்னும் மகன் 1816 மே மாதத்தில் எட்டு மாதக் குழந்தையாக இறந்தபோது, மியோவுனின் மனைவி பெரும் பரிவாரத்தோடு துக்கம் கேட்க வந்தார். பின்னர் துயர் ஆற்றும்பொருட்டுத் தம்பதியரை யானைமீதேற்றித் தோட்டமொன்றுக்கும் அழைத்துச்சென்றார். பர்மியரின் சமயத்தைப் பொய்யென்றே கருதிவந்த ஒரு குடும்பத்துக்கு அச்சமயத்தவர் காட்டிய இவ்வன்பு, எவ்வளவு போற்றினும் தகும்.

சமயத்தைப் பொறுத்தவரை ஜட்சன் தம்பதியர் இறுதிவரை இணங்கவில்லை. மாறியது போதிக்கும் முறையே. 1816இல் செராம்பூரின் அன்பளிப்பாக அச்சு இயந்திரமும் அச்செழுத்துகளும் வந்துசேர, கணவர் எழுதிய துண்டு நூலும், அம்மையார் எழுதிய வினாவிடை நூலும் முதலில் அச்சாயின. 1819இல், ஷ்வேடகான் பகோடாவுக்குச் செல்லும் சாலையோரத்தில் அவர்கள் ஒரு சயாத் கட்டினர். சயாத் என்பது வழிப்போக்கர் தங்கவும் துறவியரின் உரையைக் கேட்கவும் பயன்படும், நம் ஊர்ச் சாவடியை ஒத்த கூடம். மூங்கிலும் கூரையுமாக எழுந்த அதில், நாட்டு வழக்கப்படி அமர்ந்தே ஜட்சன் பேசினார். கோபுரமுள்ள ஆலயத்தைக் கட்டியிருந்தால் அஞ்சி விலகியிருக்கக்கூடிய மக்கள் தயக்கமின்றி உள்ளே வந்தமர்ந்து வாதிட்டனர். அவ்வாண்டு ஜூனில் மவுங் நவ் என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். கரையேறி ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் பர்மியர் அவரே. ரங்கூனில் வாழ்ந்த சயாமியரிடமிருந்து அம்மையார் தாய் மொழியையும், அதாவது இன்றைய தாய்லாந்தின் மொழியையும், கற்று, வினாவிடை நூலை அதில் பெயர்த்தார்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டபோது அவர்கள் ரங்கூனைவிட்டுத் தலைநகர் ஆவாவுக்குச் சென்றிருந்தனர். வெள்ளையர் யாவரும் ஒற்றர் என்னும் ஐயத்தால் ஜூன் 8ஆம் நாள் ஜட்சன் சிறைப்பட்டார். பர்மிய உடை உடுத்து, பர்மிய மொழியில் அதிகாரிகளின் வாயில்தோறும் மன்றாடியும், 1825இல் பிறந்த கைக்குழந்தையோடு, கணவர் பின்னர் மாற்றப்பட்ட அவுங்பின்லே சிறைவரை பின்தொடர்ந்தும், அவரது உயிரைக் காக்கப் போராடியவர் அம்மையார். போரில் தோற்ற பர்மிய அரசு, தான் விலங்கிட்டு வைத்திருந்த அதே மனிதரைச் சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராக அழைத்தது. யாண்டபூ உடன்படிக்கை 1826 பிப்ரவரி 24இல் கையெழுத்தானது. ஜட்சன் அடைபட்டிருந்த இரு சிறைகளும், அம்மையார் அவ்வாண்டு அக்டோபரில் மறைந்த ஆம்ஹர்ஸ்ட் ஊரும் அடுத்த பகுதியில் இடம்பெறும்.